பலேர்மோவிலிருந்து சீனாவுக்குப் போகாத கதை

திங்கள், காலை 6.50. நாப்போலியில் முந்தின மாலை எட்டு மணிக்கு ஏறிய கப்பல் பலேர்மோ துறைமுகத்தில் கட்டப்பட்டது. படுக்கை இல்லாத இருக்கைக்கு 54 யூரோ. இருக்கை சாயும் என்று ரிக்கற்றில் எழுதியிருந்தது, சாயவில்லை. முறைப்பாட்டுப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் அதை மடித்து ஆடும் மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். மேசை ஆடுவது நின்றது. படிவம் ஒன்று உடனடிப் பலன் தந்ததை நான் கண்டது அதுவே முதல் தடவை.

வெளியே என் மருமகன் நிரோஜன் நின்றான். தேட வேண்டியதில்லை. உயரம் இரண்டு மீற்றர் நான்கு சென்ரிமீற்றர், வயது இருபத்தொன்பது, என் தங்கை சாந்தியின் ஒரே மகன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான்.

"மாமா, பாஸ்போட் வந்திட்டுதோ?"

"இல்லை. போன கிழமை ரோமிலை தூதரகத்திலை கேட்டுப்போட்டுத்தான் வாறன். இன்னும் கொழும்பிலைதானாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளை வருமோ?"

"முறைப்படி பார்த்தா வராது."

"முறைப்படி பாக்காட்டி?"

கொழும்பில், கடவுச்சீட்டு வழங்கும் பகுதியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை வாசல்வரை வழியனுப்பி வைத்திருக்கிறேன். இவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

விடயம் இதுதான். சீனாவின் தேசியக் கூடைப்பந்து லீக்கில், முதல் தரத்துக்கு அடுத்த தரத்தில் ஆடும் ஒரு தொழில்முறை அணி. அதன் வெளிநாட்டு வீரர்களில் ஒருவருக்குப் பருவத்தின் நடுவில் முழங்கால் போய்விட்டது. நிரோஜன் ஆடுவது சிசிலியின் மாகாண லீக்கில், பஸ் செலவு மட்டும் தரும் கழகத்துக்கு. போன கோடையில் அவன் ஆட்டத்தைப் பார்த்த பெல்கிராட் முகவர் ஒருவர் அவன் பெயரைச் சீனாவுக்குச் சொன்னார். ஒப்பந்தம் வந்தது. மருத்துவச் சோதனையும் முடிந்தது. மாற்று வீரரைப் பதிய வெள்ளி மாலை ஐந்து மணி வரை அவகாசம். பலேர்மோவில் அப்போது காலை பதினொன்று. பதிவுக்கு வேண்டியது செல்லுபடியாகும் கடவுச்சீட்டின் முதற்பக்கப் படம் ஒன்றே. விசா அதற்குப் பிறகு.

ஐந்து கிழமைக்கு முன் அந்தப் பக்கம் அவனிடம் இருந்தது, ஏழு மாதத் தவணை மீதியோடு. ஆறுக்குக் குறைந்தால் எவனும் மதிக்கமாட்டான், இப்போதே புதிதுக்குப் போடு என்று யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னவன் நான். குற்றம் சொல்ல முடியாத ஆலோசனை. அவன் ரோமுக்குப் போய் விண்ணப்பித்தான். பழையதன் மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். மூன்று கிழமை கழித்துச் சீனா அழைத்தது.

செவ்வாய், மாலை 4.00. பொலிதேயாமா, நகரின் வசதியானவர்கள் பகுதி. தங்கை இங்கே ஒரு மாடிவீட்டுச் சிஞ்ஞோராவிடம், அதாவது எசமானி அம்மாவிடம், பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். முன்தெருவில் ஒரு கோப்பை கோப்பி 1.20 யூரோ, நின்றுகொண்டு குடித்தால். நின்றுகொண்டே குடித்தோம்.

"அண்ணை, உங்கடை பழைய ஒபிசுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

"வரிசை எண்டு ஒண்டு இருக்குது, சாந்தி."

"அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வர நான் பாஸ்போட்டுக்கு நிண்டனான். அப்பவும் இதைத்தான் சொன்னனியள். நான் வர எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் சிலவும் முடிஞ்சுது."

"அதுக்குப் பிறகு மரணத்துக்கு முன்னுரிமை எண்டு நான்தான் சுற்றறிக்கை எழுதினனான்."

"நல்லது. அம்மா இன்னொருக்காச் செத்தா உதவும்."

அவள் கோப்பிக்குக் காசு வைத்துவிட்டு வேலைக்கு ஏறினாள். மின்தூக்கி சிஞ்ஞோராவின் வீட்டாருக்கு மட்டும். அவளுக்குப் படிக்கட்டு, நான்கு மாடி.

புதன், காலை 7.00. கொழும்பில் பத்தரை. என்னிடம் வேலை பழகி இப்போது என் கதிரையில் இருப்பவரை அழைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விண்ணப்பத்தை முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"சேருக்குச் செய்யாமலோ? எந்தப் பிரிவிலை போடட்டும்?"

"வேலைவாய்ப்பு. கூடைப்பந்து."

"சேர், மூண்டே மூண்டு பிரிவுதான். மரணம், கடும் நோய், பரீட்சை. கீழை உங்கடை கையெழுத்துத்தான் கிடக்கு."

"தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மரணம் எண்டு போடட்டோ? சான்றிதழைப் பிறகு பாப்பம். நாளைக்கே அச்சடிச்சு, முதற்பக்கத்தைப் போனிலை அனுப்பிவிடுறன்."

யாருடைய மரணம் என்று நான் கேட்கவில்லை. நிரோஜன் வீட்டில் இருப்பவர்கள் இருவர், அவனும் தாயும்.

"வேண்டாம்," என்றேன்.

இந்தப் பகுதியை நான் தங்கைக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதில் ஆபத்தில்லை. அவள் பயணக் கட்டுரைகள் வாசிப்பதில்லை.

வெள்ளி, காலை 9.15. ஸ்ஃபெர்ராகவால்லோ. நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர், இரண்டு பஸ், 1.40 யூரோ ரிக்கற். மீன்பிடிக் கிராமம். பிடிக்கிறவர்களைவிடச் சாப்பிட வருகிறவர்களே அதிகம். இங்குள்ள ஒரு கடலுணவுக் கடையில் நிரோஜன் பரிமாறுகிறான். அதிகாலை ஐந்துக்கு எழுந்து ஒரு மணி நேரம் தனியாகப் பந்து எறிந்துவிட்டு வருவான். கடையின் விளக்குகளை அவனுக்காகவே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இத்தாலி அவனுக்குச் செய்துகொடுத்த ஒரே திருத்தம் அதுதான்.

பின்பக்கக் குசினியில், றால் உரிக்கும் மேசையின் ஒரு மூலையைத் துடைத்து அவன் பழைய கடவுச்சீட்டை விரித்தான். வெட்டிய மூலையின் மேல் பெருவிரலை வைத்தான். பெரிய விரல், வெட்டு மறைந்தது. மற்றக் கையில் தொலைபேசி.

"மாமா, இப்பிடி எடுத்தாத் தெரியாதெல்லோ?"

10.20.

"படத்திலை தெரியாது. இலக்கத்தைப் பாத்தா ரத்தானது எண்டு தெரியும். விசாவுக்குப் போகேக்கை பிடிபடும். பிறகு அந்த நாட்டுக்குள்ளை ஒருநாளும் விடாங்கள்."

"பிடிபடாட்டி?"

"பிடிபடும். நான் எத்தினை பேரைப் பிடிச்சிருக்கிறன் தெரியுமோ?"

"தெரியும் மாமா. சின்னனிலை இருந்து சொல்லுறியள்."

அவன் விரலை எடுத்தான். வெட்டு இருந்தது. நேரான, சுத்தமான வெட்டு. செய்தவருக்குப் பயிற்சி உண்டு. 10.45க்கு முகவரின் செய்தி: கடவுச்சீட்டு வந்ததா? 10.58க்கு இன்னொன்று: வெறும் கேள்விக்குறி. பதினொரு மணிக்குப் பிறகு எதுவும் வரவில்லை. நிரோஜன் மேசையை மறுபடி துடைத்தான். அன்றைக்கு மதியம் முப்பது பேருக்கு முற்பதிவு இருந்தது.

ஞாயிறு, மதியம் 1.35. சீனாவில் இரவு ஆட்டம். தொலைபேசியை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தான். வெளிநாட்டவர்களில் ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் களத்தில் நிற்கலாம் என்று விளக்கினான். நிற்பவர் முப்பது புள்ளி எடுக்காவிட்டால் அடுத்த கிழமை வீட்டுக்கு. இவன் இடத்துக்குச் சீனாவிலேயே பிடித்திருந்த புதியவன் அகலமானவன், இவனைவிடக் குட்டை. வளையத்துக்குக் கீழே முதுகு கொடுத்து நின்று பந்து கேட்டான்.

"இடக்கால் பிழை," என்றான் நிரோஜன். "அந்தப் பக்கம் திரும்பேலாது. பாருங்கோ, பறிச்சிடுவாங்கள்."

பறித்துவிட்டார்கள்.

"நீ எண்டா?"

முன்பக்கத்திலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கைகளிலும் கணவாய்த் தட்டுகளோடு, விளக்குகள் உயர்ந்திருந்தும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனான். மிச்ச ஆட்டத்தை நான் பார்த்தேன். புதியவன் பதினான்கு புள்ளி எடுத்தான். அவனும் வீட்டுக்குப் போவான். அப்போது இன்னொரு இடம் காலியாகும். ஆனால் பதிவு மூடிவிட்டது. இந்தப் பருவத்துக்கு இனி யாரையும் எடுக்கமாட்டார்கள். அடுத்த பருவத்தில் நிரோஜனுக்கு முப்பது. முப்பதை எட்டியவர்களை முகவர் தொடுவதில்லையாம்.

செவ்வாய், மாலை 6.30. மறுபடி துறைமுகம். ரோமிலிருந்து காலையில் தகவல் வந்திருந்தது: புதிய கடவுச்சீட்டு தயார், உரியவர் நேரில் வந்து பெறவும். பத்து வருடத் தவணை. சொன்ன கால எல்லைக்குள், ஒரு நாள்கூடப் பிந்தாமல். நான் உருவாக்கிய வரிசை நன்றாகவே நகர்கிறது.

சாந்தி வரவில்லை, சிஞ்ஞோரா வீட்டில் விருந்து. நிரோஜன் பெட்டியை இறக்கி வைத்தான்.

"ரோமுக்கு எப்ப போறாய்?"

"என்னத்துக்கு மாமா? எங்கை போகப் போறன்?"

கையைக் குலுக்கிவிட்டு பஸ்ஸுக்குப் போனான். கூட்டத்துக்கு மேலே அவன் தலை நெடுநேரம் தெரிந்தது. அதுவும் அவனுக்கு உதவாத உயரம்.

கப்பல் வாசலில் இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். நான் முறைப்படி கடைசியில் நின்றேன். யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை. அங்கே என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள், நான்தான் மறுப்பேன். சீருடைப் பெண் ஒருத்தி என் நரைத்த தலையைக் கண்டு, முன்னால் வரும்படி கை காட்டினாள். வயதுக்கு ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

நான் போனேன்.