யூமி தைப்பித்த நீல மேலங்கி

தையல்காரியிடம் வருகிறவர்கள் முதலில் இடுப்பளவைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். சிலர் அதைவிட, எதற்காகத் தைக்கிறார்கள் என்பதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். மெசினுக்கு முன்னால் இருந்து முதுகுவலி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தின் லாசால் பகுதியில், எங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் சாறி பிளவுஸ், தேவாலயத்தில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கப் போடும் உடுப்பு, நீளம் குறைக்க வேண்டிய காற்சட்டை. அவற்றுக்கு நடுவில்தான் யூமி வந்தார்.

பிள்ளைக்கு என்ன வயது?

யூமி ஜப்பான்காரி. டவுன்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஃபோனில் ஒரு அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன், படத்தைக் காட்டினார். கணுக்கால்வரை நீல மேலங்கி, பொன்னிறக் கரை, நிமிர்ந்த கொலர் என்று ஒரு பெண் தளபதி. பள்ளிக்கூட விழாவுக்காக்கும் என்று நினைத்து, பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. ஃபோனைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்:

"நாற்பத்து மூன்று. எனக்குத்தான். தைக்க விருப்பமில்லையென்றால் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்."

திரைக்குப் பின்னால்

போட்டுப் பார்க்க வந்த நாளில், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துதான் திரைக்குப் பின்னால் போனார். கோடையில் இங்கே அனிமே ரசிகர்கள் வேடம் போட்டு ஒன்றுகூடுவார்களாம், அதற்குத்தான் இந்த உடுப்பு. நான் குண்டூசி குத்திக்கொண்டிருக்க, அவர் கதைக்கத் தொடங்கினார். ஒசாகாவில் வேலை செய்தபோது அவருடைய பையில் தொங்கிய சின்ன அனிமே பொம்மையைக் கூட வேலை செய்த ஒருத்தி பார்த்துவிட்டாளாம். ஒருவரும் ஏசவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுதான் நின்றுபோயிற்று. இன்னும் கலியாணம் ஆகாததற்குக் காரணம் இதுதான் என்று பின்னால் கதைத்தார்களாம்.

அங்கே இப்படியானவர்களை 'ஒதாக்கு' என்பார்களாம். இப்போது இளம் ஆட்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்களாம். அவருடைய வயதுக்காரருக்குத்தான் இன்னும் அது, வளராமல் நின்றுபோன ஆள் என்ற மாதிரிக் கேட்குமாம். அனிமே ஜப்பானின் பெருமை என்றல்லவா நான் நினைத்திருந்தேன், அதைக் கேட்டேன். கண்ணாடியில் தோளைப் பார்த்தபடியே சொன்னார்:

"வெளிநாட்டாரைக் கூப்பிட அந்தப் படங்களை விமானத்தில்கூட வரைவார்கள். என் மேசையில் ஒன்று இருந்தால் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்."

ரஞ்சினி அக்கா

எங்கள் கடையில் துணி வெட்டும் வேலை ரஞ்சினி அக்காவுக்கு. இந்த வயதில் கார்ட்டூனோ என்று இரண்டு நாள் சிரித்தார். அவர் டிவி சீரியலில் ஒரு மருமகள் வீட்டைவிட்டுப் போனதற்குக் கண்ணைத் துடைத்தவர் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. ஒரே அறையில் எட்டு மணித்தியாலம் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். மூன்றாம் நாள் பார்த்தால், பொன்கரையை இரண்டாம் தரமும் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"தளபதியெண்டா கரை நேரா நிக்கோணும். சுருண்டா ஆர் பயப்பிடுவினம்?"

அம்மா வந்த நாள்

ரசிகர் கூட்டம் நடக்கும் அதே கிழமையில் யூமியின் அம்மா ஒசாகாவிலிருந்து வந்துவிட்டார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, உடுப்பு உங்களிடமே இருக்கட்டும் என்று யூமி கெஞ்சிக் கேட்டிருந்தார். நானும் ஓம் என்றிருந்தேன். ஆனால் இருவரும் அம்மாவின் கோட்டுக்குப் பொத்தான் தைக்க வந்தபோது, அயர்ன் பண்ணிய மேலங்கி நடுக்கடையில் தொங்கியது. அதில் யூமியின் பெயரெழுதிய துண்டு வேறு. அதை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. யூமி நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அம்மா துண்டை வாசித்தார், மகளைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலங்கியின் உட்பக்கத்தைப் புரட்டினார். பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறியவராம். தையலை விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி ஏதோ சொன்னார். யூமி நம்பமுடியாமல் அதை எனக்கு மொழிபெயர்த்தார்:

"இடப்பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கிறதாம். இப்படியே போட்டுக்கொண்டு போகக்கூடாதாம்."

அம்மா சொன்னது சரி. அங்கேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

மெட்ரோவில்

அடுத்த கிழமை யூமி தனியாக வந்து நடந்ததைச் சொன்னார். பட்டப்பகலில், முழு வேடத்தில், மெட்ரோவில் போயிருக்கிறார். அம்மாவும் கூடவே போய், நகரும் படியில் மேலங்கி சிக்காமல் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். படமும் எடுத்துக் கொடுத்தாராம். அம்மா மனம் மாறிவிட்டார் என்று நான் சந்தோசப்பட்டேன். யூமி சிரித்துக்கொண்டு, விமான நிலையத்தில் அம்மா கடைசியாகச் சொன்னதைச் சொன்னார்:

"ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே. படத்தை எனக்கு மட்டும் அனுப்பு."

இத்தனை வருசம் தைத்ததில், "எனக்கு இது பொருந்துகிறதா?" என்று கேட்டவர்களில் பாதிப்பேர் உடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியிருக்கிறது.