காருக்கடியில் கிடந்த சக்கரம்

குருண் ஊரில், எங்கள் வீட்டு முன்னால் என் பழைய காரின் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தோம். போல்ட் துருவேறி இறுகிப்போயிருந்தது. தம்பி அந்தோணி காருக்கடியில் படுத்திருந்தான். காரைத் தாங்கியது ஒரே ஒரு ஜாக்.

"ஜாக்க மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு வாங்கிட்டு வந்து செய்ங்க" என்றாள் என் மனைவி மேரி.

"அஞ்சு நிமிஷ வேலைலா. ஒனக்குக் காரப் பத்தி என்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

கழற்றி வைத்திருந்த சக்கரத்தை அவள் உருட்டி வந்து, தம்பி பார்க்காத பக்கமாகக் காருக்கடியில் படுக்கவைத்துத் தள்ளிவிட்டுப் போனாள்.

பொறுமையிழந்து போல்ட்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். ஜாக் சரிந்தது. கார் அந்தச் சக்கரத்தின்மேல் இறங்கி நின்றது. தம்பியின் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கையளவு இடம்தான் இருந்தது.

தம்பியை வெளியே இழுத்தோம். ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், "நல்லவேள! சக்கரத்த உள்ள வச்சது யாருண்ணே?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

மேரி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நீ இல்லன்னா நான் செத்திருப்பேண்ணே" என்று தம்பி இன்றும் சொல்கிறான். அப்போதெல்லாம் மேரி எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.