அதிபர் வீட்டுச் சண்டை

டக டக டக என்று நாலு வரி ஓடும். ஒரு மூச்சு நிற்கும். பிறகு 'டிங்' என்று ஒரு மணி. ஜெர்மனியின் பான் நகரத்தில் எங்கள் அலுவலக டெலிபிரிண்டர் செய்தி கக்கும் ஓசை அது. அந்த எந்திரம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ, என் காதை விட்டு மட்டும் போகவில்லை.

மொழிபெயர்ப்பு என்பது முன்பின் தெரியாதவர்களின் சண்டையை நம் சொந்தக் குரலில் போடுகிற தொழில். செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்யாதவர்கள், ஒரு கல்யாணத்தில் இரண்டு வீட்டாருக்கும் நடுவே தூது போயிருந்தால் அதுவே போதும். நீங்களும் எங்கள் ஜாதிதான்.

அறுபதுகளின் பிற்பகுதி. என் கணவர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அரசு மானியத்தில் எட்டு மொழிகளில் செய்தித்தாள் அச்சிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தமிழுக்கு இரண்டு பேர். நான் மொழிபெயர்ப்பேன், யாழ்ப்பாணத்துக் கதிரவேலு அண்ணை நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்வார். எங்கள் ஊர் வழக்கப்படி 'அண்ணே' என்றால் திரும்ப மாட்டார். 'அண்ணை' என்றால்தான் காது திரும்பும். அவருடைய மனைவி மகேஸ்வரி ஊரில் காத்திருந்தாள். அண்ணைக்கு இன்னும் ஒரு வருஷ வேலை உறுதி என்று கடிதம் இருந்தால்தான் அவளுக்கு விசா.

வீடு வாக்கெடுப்புக்கு வருகிறது

எனக்கு ஜெர்மன் சொல்லித் தந்தவர் எங்கள் வீட்டுக்காரம்மா. ஆகவே 'ஹௌஸ்ஹால்ட்' என்றால் எனக்கு வாளி, துடைப்பம், சட்டி பானை, குடித்தனம். அரசாங்கத்தின் பட்ஜெட்டுக்கும் ஜெர்மன்காரர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தம்மா சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன அவசியம்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 'டிங்'. வாஷிங்டனில் அதிபரின் ஹௌஸ்ஹால்ட் பற்றி இரு கட்சிகளுக்கும் கடும் மோதல் என்று செய்தி. நான் எழுதினேன்: "அதிபர் வீட்டுச் சண்டை முற்றுகிறது. அவர் குடித்தனம் நடத்தும் விதம் ஊதாரித்தனமானது என்று எதிர்க்கட்சி சாடியது. வீடு ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று அதிபர் கட்சி பதிலடி கொடுத்தது. வீடு அடுத்த மாதம் வாக்கெடுப்புக்கு வருகிறது." எம்.ஏ. படித்தவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் புது மொழியில் எல்லாமே அபத்தமாகத்தான் தெரியும். அதில் எந்த அபத்தம் நம்முடையது என்று பிரித்துப் பார்க்க நாளாகும்.

அண்ணை பாதி தட்டச்சில் நிறுத்தினார். "அந்த மனுசன்ர வீட்டுக்குள்ள எதிர்க்கட்சி எப்பிடிப் பூந்தது, தங்கச்சி?" என்றார். "அமெரிக்கா அண்ணை, அங்க எல்லாமே ஓப்பன்தான்" என்றேன். அவர் மறுபடி தட்டினார். "ஓம், பெரிய இடம். நாங்கள் வாய் திறக்க ஏலாது."

ஒரு சாக்குக் கடிதம்

இரண்டு மாதத்தில் கடிதங்கள் வந்தன. அதுவரை தமிழ்ப் பக்கத்துக்கு வந்த கடிதமெல்லாம், தபால்தலை சேகரிக்கும் பையன்கள் எழுதியவை. இப்போது ஒரு சாக்கு. திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் எழுதியிருந்தார்: "அதிபர் வீட்டு விவகாரம் எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. இரு தரப்பும் விட்டுக்கொடுத்தார்களா? பிள்ளைகளை நினைத்தாவது ஒன்றுசேர வேண்டும்."

எங்கள் மேலதிகாரி ஹெர் ஹோல்ட்ஸ் சிரித்துப் பார்த்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. தமிழர்களுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டரின் கடிதத்தையும் எங்கள் செய்தியையும் வரிவரியாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு அந்தச் சொல்லின் இன்னொரு பொருளை ஒரு காகிதத்தில் எழுதி என்முன் வைத்தார். எனக்கு டெலிபிரிண்டருக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுத்த இதழில் சின்ன எழுத்தில் திருத்தம் போட்டோம். திருத்தத்தைப் பற்றி ஒருவரும் கடிதம் எழுதவில்லை.

ஹெர் ஹோல்ட்ஸ் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "இனிமேல் சரியாக மொழிபெயருங்கள், அம்மணி. ஆனால் கடிதங்களைத் தூக்கிப் போட வேண்டாம்."

எங்கள் தலை உருண்ட நாள்

அந்த வருஷம் எங்கள் மானியமே பான் நகரத்துப் பட்ஜெட்டில் மாட்டியது. ஒரு கட்சி, தமிழ்ப் பக்கத்தை நிறுத்தலாம், யார் படிக்கிறார்கள் என்றது. மற்றக் கட்சி, முதல் கட்சி வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக, வேண்டும் என்றது. அண்ணை தட்டச்சு எந்திரத்துக்குப் பக்கத்தில் மகேஸ்வரியின் விசா மனுவை வைத்திருந்தார். அதில் ஒரு கட்டம் மட்டும் காலி. வேலை உறுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா?

நாடாளுமன்றப் பட்ஜெட் குழுவின் கூட்டத்துக்கு ஹெர் ஹோல்ட்ஸ் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப் போனார். நிறுத்தச் சொன்ன கட்சியின் உறுப்பினர் சாக்கில் கைவிட்டு ஒரு கடிதத்தை உருவினார். போஸ்ட்மாஸ்டர்! அவர் அதை எனக்கு நேராகப் பிடித்தார். பிறகு ஜெர்மனில் நிதானமாகச் சொன்னேன்: "இவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அதிபரின் ஹௌஸ்ஹால்ட் பற்றி மிகவும் வருந்துகிறார். இரு தரப்பும் விட்டுக்கொடுத்தார்களா என்று கேட்கிறார். அடுத்த தலைமுறையை நினைத்தாவது உடன்பாடு வேண்டும் என்கிறார்." பிள்ளைகளை மட்டும்தான் கொஞ்சம் இழுத்துத் தலைமுறையாக்கினேன். மற்றபடி என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு பிசகாத மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. ஹெர் ஹோல்ட்ஸ் கூரையில் ஏதோ விரிசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த உறுப்பினர் கடிதத்தை இரு கையாலும் மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரா? என் தொகுதியில் ஒருவர்கூட பட்ஜெட்டுக்காக இப்படிக் கண்ணீர் விட்டதில்லையே!"

பெயரை மட்டும் மாற்றினால் போதும்

தமிழ்ப் பக்கம் ஒரு வருஷம் பிழைத்தது. காலிக் கட்டம் நிரம்பியது. பனி கொட்டும் ஒரு மாதத்தில் மகேஸ்வரி வந்து சேர்ந்தாள். காலுறைக்குமேல் காலுறை போட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் எடை போட்டாள்.

பிறகு அங்கே வாஷிங்டனில் அதிபர் மாறினார். இங்கே ஆட்சி மாறியது. புது அதிபரின் பட்ஜெட்டைப் பழைய ஆளுங்கட்சி ஊதாரித்தனம் என்றது. பழைய எதிர்க்கட்சி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றது. அண்ணை பழைய ஸ்டென்சிலை எடுத்துத் தூசி தட்டினார். "திருப்பி அடிக்கத் தேவையில்லை, தங்கச்சி. பேரை மட்டும் மாத்தினாக் காணும்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார், நாங்களும் சிரித்தோம். அடுத்த வாரமே எங்கள் கதையும் அப்படி ஆயிற்று. போன முறை எங்களைக் காப்பாற்றியவர்கள் இப்போது சிக்கனம் பேசி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தச் சொன்னவர்கள், போஸ்ட்மாஸ்டரின் கண்ணீரை நினைவூட்டி எங்களுக்காக வாதாடினார்கள். தோற்றோம்.

கடைசி நாள் டெலிபிரிண்டரின் மணிகூட யாரோ செத்த வீட்டில் அடிப்பதுபோல இருந்தது. அண்ணையின் சாமான்களைக் கட்ட வந்த மகேஸ்வரிக்கு மட்டும் முகத்தில் வாட்டமில்லை. அவளுக்கு டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையைக் காட்டி இனி அண்ணையும் இந்த நாட்டில் தங்கலாம். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கட பேப்பர் போனாப் போகட்டும் அக்கா. எங்கட ஹௌஸ்ஹால்ட் நிறைவேறிட்டுது."

கட்சிகள் மாறி மாறிக் காத்தும் கொன்றும் தீர்த்த அந்தப் பட்ஜெட்டில் நான் தப்பாக எழுதிய 'குடித்தனம்' என்ற பொருள் ஒன்றுதான் சரியாக நிலைத்தது: கதிரவேலு அண்ணை டோர்ட்மண்டில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மகேஸ்வரியோடு குடித்தனம் நடத்திய அதே வீட்டில் காலமானார்.