கடியப்பட்டணத்துக்கு இரண்டு புட்டி உப்புநீருடன்

நாகர்கோவிலிலிருந்து காலை ஏழேகால் மணிக்குப் புறப்படும் குளச்சல் பஸ்ஸில் நான் ஏறியபோது, மடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சு சுற்றிய இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் காய்ச்சி அடைத்த உப்புநீர், ஒரு ரப்பர்க் குழாய், நான்கு ஊசிகள். ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து எனக்கு மூன்றாவது வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அது.

கடியப்பட்டணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேதி கண்டிருக்கிறது, ஒரு கைக்குழந்தை போய்விட்டது என்று அங்குள்ள கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் முந்தின நாள் ஆள் அனுப்பியிருந்தார். டாக்டருக்கு அன்று இரண்டு ஆபரேஷன். என்னைக் கூப்பிட்டு, மோசமாயிருக்கிற பிள்ளைகளுக்குத் தொடைத் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றச் சொன்னார். ஒரு நாள் முழுக்க ஆகாரம் எதுவும் கொடுக்கக் கூடாது, குடலுக்கு ஓய்வு வேண்டும் என்றார். எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்ததும் அப்படித்தான்.

இரணியல் வரை பத்து மைல், திருவிதாங்கூர்க் காசில் ஆறு சக்கரம் டிக்கெட். சுங்கான்கடை தாண்டும்வரை மலையை மூடிக்கொண்டு மழை. இருபுறமும் நாற்று நட்ட வயல்கள் பச்சையாக நின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாழைக்குலை வியாபாரி பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு பஸ் குலுங்கும்போதெல்லாம் அவரும் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டரை மணி. இரணியலில் செல்லையன் என்கிற வண்டிக்காரர் கிடைத்தார். கடியப்பட்டணத்துக்குப் பதினாலு சக்கரம் கேட்டார். என்ன காரியமாகப் போகிறேன் என்று தெரிந்ததும் பத்து போதும் என்றுவிட்டு, மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலில் பாதியைப் பெட்டிக்கு அடியில் பரப்பினார். மணவாளக்குறிச்சி தாண்டியதும் ரோடு மண்தடமாகி, பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அவர் இறங்கி, காளைகளின் கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தார். ஒரு மாதமாகக் கடல் கொந்தளிப்பு, கட்டுமரம் ஒன்றும் இறங்கவில்லை, கரையில் இருப்பவர்கள் ஒரு வேளை மரச்சீனிக் கிழங்கில் நாளைத் தள்ளுகிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பத்தரை மணிக்கு ஊர் வந்தது. வள்ளியாறு செம்மண் நிறத்தில் கடலில் விழுந்துகொண்டிருந்தது. கட்டுமரங்கள் மணலில் மேலே ஏற்றிக் கிடந்தன. கோயிலுக்குக் கிழக்கே ஓலைக் குடிசைகள், நடுவில் கலங்கிய ஊற்றுக்குழி ஒன்று. குடிக்கிற தண்ணீர் அதுதான். உபதேசியார் என்னை முதலில் ரோசம்மாளின் குடிசைக்கு அழைத்துப் போனார். இருபத்திரண்டு வயதுகூட இராது அவளுக்கு. மடியில் இரண்டு வயது மகன் அந்தோணி.

அவன் கண்கள் குழிந்திருந்தன. நாக்கு காய்ந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது. அழ வாயைத் திறந்தான். சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம். ஆனால் பாதம் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. பல நாள் சரியான ஆகாரம் இல்லாத பிள்ளைகளுக்கு அப்படி வீங்கும் என்று தெரியும். அதை எப்படிக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். ரோசம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்.

"வெள்ளம் குடுத்தா வெள்ளமாத்தான் போகுது. அதுனால நேத்து மத்தியானத்திலேருந்து ஒண்ணும் குடுக்கல்ல."

ஆகாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. நான் பதினைந்து மைல் வந்து சொல்ல வேண்டியதை அவள் எனக்கு முன்பே செய்துகொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு உப்புநீரை வெதுவெதுப்பாக்கி, குடிசையின் கூரை வளைமரத்தில் புட்டியைத் தொங்கவிட்டு, தொடையில் ஊசியைச் செருகினேன். தோல் மெல்லப் புடைத்து, மெல்ல வடிந்தது. முக்கால் மணி நேரத்தில் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. ரோசம்மாள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்கும் பெருமைதான். மற்றத் தொடையிலும் ஏற்றினேன்.

பன்னிரண்டரை இருக்கும். அந்தோணி இருமினான். மூச்சு நாய்க்குட்டியின் மூச்சைப்போல வேகமாக ஓடியது. இமைகள் உப்பின. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே ஈரமாக ஒரு கரகரப்பு. ஊசியைப் பிடுங்கினேன். நல்ல உடம்புள்ள பிள்ளைக்குத் தாங்குகிற அளவு, மெலிந்து வீங்கிய இந்த உடம்புக்குத் தாங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையை நான் தண்ணீரில் மூழ்கடிக்கப் பார்த்திருக்கிறேன். ரோசம்மாளிடம் மறைக்கவில்லை. அளவு கூடிப்போயிற்று, நிறுத்திவிட்டேன், தலையை உயர்த்திப் பிடித்துக்கொள் என்றேன். அவள் அவனைத் தோளில் நிமிர்த்திச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் கூடியிருந்தவர்களில் சூசம்மாள் என்கிற மீன்காரி ஒருத்தி. தலைச்சுமையாக இரணியல் சந்தைக்கு மீன் கொண்டு போகிறவள். குரல் பெரிது. ஆனால் அப்போது என் பக்கத்தில் குந்தி மெதுவாகப் பேசினாள்.

"எனக்க மவளும் இப்பிடித்தான் கெடந்தா, மக்கா. கஞ்சி வெள்ளத்துல இத்திரி உப்பும் கருப்பட்டியும் கலக்கி, விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். கக்கினா பொறுத்து, பின்னயும் வச்சேன். பைய பைய. இப்பம் அவ ஓடித் திரியுதா, பாத்துக்க."

டாக்டர் சொன்னது காதில் இருந்தது. மீறினால் வேலை போகலாம். ஆனால் இந்தப் பிள்ளையின் குடலுக்கு ஒரு மாதமாகவே ஓய்வுதானே. அரை மணி நேரம் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தணிந்தது. பிறகு சூசம்மாளிடம் கஞ்சித்தண்ணீர் கேட்டேன்.

ஊரில் அரிசி இருந்த வீடுகள் இரண்டு. ஒன்று உபதேசியாருடையது. அவர் மனைவி உழக்கு அரிசியைக் குழைய வடித்து அனுப்பினாள். ஊற்றுநீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தோம். உப்பு கண்ணீர் அளவுக்கு மேல் கரிக்கக் கூடாது என்று நான் நாக்கில் விட்டுப் பார்த்தேன். சூசம்மாளும் பார்த்தாள். கருப்பட்டி அவள் மடியிலிருந்து வந்தது. சிப்பிக் கரண்டியால் ஒரு வாய், நூறு எண்ணி மறுபடி ஒரு வாய். ரோசம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஐம்பதை இரண்டு தடவை எண்ணினாள்.

பேதி கண்ட மற்ற ஐந்து பிள்ளைகளையும் தாய்மார் கோயில் பள்ளிக்கூடக் கொட்டகைக்குத் தூக்கிவரச் சொல்லி, ரோசம்மாளையும் அங்கே கூட்டிப் போனேன். இரண்டாவது புட்டியைத் திறக்கவில்லை. எல்லோரும் வரிசையாகச் சுவரில் சாய்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை பிந்தினால் சூசம்மாளின் அதட்டல் வரும், "ஏட்டி, ஒறங்குதியா?"

ஐந்து மணி சுமாருக்கு அந்தோணி என் சேலையில் மூத்திரம் பெய்தான். நேற்றிலிருந்து பெய்யாத பிள்ளை. நான் சிரித்ததைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. சத்தத்தில் பயந்து அவன் அழுதான். கன்னத்தில் ஈரம் இறங்கியது. ரோசம்மாள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்து பிள்ளைகள் தேறியிருந்தார்கள். கடைசியாக வந்த எட்டு மாதப் பெண்குழந்தை தேறவில்லை. விடியும் முன்னே அவள் தாய் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கரண்டியைக் கழுவி, அடுத்தவளிடம் கொடுத்தாள்.

எட்டு மணிக்குச் செல்லையன் வண்டியுடன் வந்தார். மணவாளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டாராம், திரும்பும் வழிக்குக் காசு வாங்க மறுத்தார். சூசம்மாள் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை வண்டிக்குள் எறிந்தாள். இனி வந்தால் அந்தக் குழாய் சாமானம் வேண்டாம், அரிசி கொண்டு வா என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அளவு மிஞ்சியதையும், அவர் பேச்சை மீறியதையும். அந்தோணிக்கு மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை ஓடியது, கால் எவ்வளவு வீங்கியிருந்தது, உப்பு எவ்வளவு போட்டேன் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். வெகுநேரம் பேனாவை மூடவில்லை. பிறகு, அந்தப் பிள்ளையை இங்கே வைத்துத் தானே பார்த்திருந்தால் மூன்றாவது தடவையும் ஏற்றியிருப்பேன் என்றார். வெள்ளிக்கிழமை மறுபடி போகச் சொன்னார். சமையற்கட்டிலிருந்து ஒரு மரக்கால் அரிசி எடுத்துக்கொள்ளச் சீட்டு எழுதித் தந்தார்.

வீட்டுக்குப் போனபோது என் அண்ணி முற்றத்தில் நெய்ச்சோற்றுக் கிண்ணத்தோடு நின்றாள். இரண்டு வயது மகன் தென்னையைச் சுற்றி ஓடினான். இவன் ஒண்ணும் திங்க மாட்டேங்கிறான், நீயாவது சொல்லு என்றாள் என்னிடம். நான் அவனைப் பிடித்துத் தூக்கினேன். கை சற்றே தாழ்ந்தது. ஒரு பிள்ளைக்கு இத்தனை கனம் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இறக்கிவிட மனமில்லாமல் வைத்துக்கொண்டே நின்றேன்.