எல்லாருக்கும் தோதான புதன்கிழமை

பல்லடம் தாண்டி, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் முஸ்லிம். கோயமுத்தூர் உக்கடத்தில், எங்கள் ஆட்கள் நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது புதுசு, பிடித்துமிருந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. மாமாவின் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்காக ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"எல்லாரும் அவ்வளவு நல்லாப் பேசறாங்கம்மா" என்றேன்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க யாருகிட்டதான் நல்லாப் பேசலை? திட்டினாக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவாங்க. நம்ம வீட்டுச் சோத்தை ஒரு வாய் சாப்பிடறாங்களான்னு பாரு. சாப்பிட்டா அங்கயே இரு. இல்லன்னா மாமாகிட்ட போயிரு."

பக்ரீத் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போன அன்றே வாய்ப்பு வந்தது. ஸ்டாஃப் ரூமில் நுழைந்ததும் தமிழ் மிஸ் கேட்டார்: "ஏனுங் மிஸ், பிரியாணி எங்கீங்க?"

அம்மா தையல்காரி, தைப்பதற்கு நடுவே அவசரமாகச் சமைப்பவர். எங்கள் வீட்டுப் பிரியாணி சுமார் ரகம்தான். அதைச் சொல்லவா முடியும்? "அம்மா செஞ்சு தருவாங்க, என்னிக்கு வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை தமிழ் மிஸ் சிவனுக்காகக் கவிச்சி தொடமாட்டார். செவ்வாய், சென்னிமலை முருகனுக்காகப் பாதி ஸ்டாஃப் ரூம். வியாழன் கணக்கு சாருக்குச் சாய்பாபா. வெள்ளியைக் கேட்கவே வேண்டாம். சனி பெருமாளுக்கு. ஞாயிறு பள்ளிக்கூடமே இல்லை. மிஞ்சியது புதன். முதலில் வந்த புதன் அமாவாசை. இன்னொரு புதன் கிருத்திகை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சாட்டிப்போட்டாங்க மிஸ். நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள ஒரு கோழிகூட அறுக்கமாட்டாங்க" என்றார் கணக்கு சார், ரொம்ப வருத்தமாக.

"வாரத்துக்கு ஒரு சாமி வருது பாத்தியா?" என்றார் அம்மா. "வேண்டாம்னு நேரா சொல்ல அவங்களுக்கு வாய் வராது. நீதான் புரிஞ்சுக்கணும்."

சண்டை போட்டேன். ஆனால் சந்தேகம் எனக்குள்ளும் நுழைந்துவிட்டது. கணக்கு சாரின் வருத்தம் நிஜமா, மரியாதையா? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கேட்டால், "அட, அப்படியெல்லாம் இல்லீங்" என்பார்கள். அதுவும் மரியாதையாகத்தான் இருக்கும்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு தினசரி காலண்டர் வாங்கிக் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். வரப்போகிற சஷ்டி, பௌர்ணமி, பிரதோஷம் எல்லாம் எனக்குத் தனிம அட்டவணையைவிட நன்றாகப் பாடமாகிவிட்டன. நாளடைவில் ஸ்டாஃப் ரூமே என்னிடம் கேட்க ஆரம்பித்தது. "மிஸ், நாளன்னிக்குப் பிரதோஷமுங்களா?" "இல்லீங் சார், அதுக்கு அடுத்த நாளுங்." என் வாயிலும் 'ங்' ஒட்டிக்கொண்டிருந்தது.

புரட்டாசி வந்தால் மாதம் முழுக்கப் போய்விடும். ஆவணியில் ஒரே ஒரு புதன், எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. அறிவித்தேன். தமிழ் மிஸ் நெற்றியைச் சுருக்கினார்.

"புதன்கிழமைங்களா... அன்னிக்கு..."

நான் காலண்டரை மனசுக்குள் அவசரமாகப் புரட்டினேன்.

"மத்தியானம் மொத பீரியடு எனக்கு எட்டாங்கிளாஸுங். பிரியாணி தின்னுபோட்டு இலக்கணம் எடுத்தா நானே தூங்கிப்போடுவேன். அதை நீங்க எடுத்துக்குங்க மிஸ்."

புதனன்று அம்மாவே அண்டாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறக்காமல் கையைப் பிசைந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. காம்பவுண்டுக்குள்ள கவிச்சி ஆகாதுங்க. கரஸ்பாண்டென்ட் உத்தரவுங்க."

எனக்கும் தெரிந்த உத்தரவுதான். பக்ரீத்திலிருந்து ஆவணி வரை நாள் பார்த்த எங்களில் ஒருவருக்கும் இடம் பார்க்கத் தோன்றவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மாமாவின் கம்ப்யூட்டர் சென்டர் அப்படியே தெரிந்தது.

மணி அடித்தது. தட்டுகளோடு வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கணக்கு சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கூட வந்த பள்ளிக்கூட வேன் டிரைவரைப் பார்த்து, "ஏப்பா, உன்ற வண்டி எங்க நிக்குது?" என்றார்.

"கேட்டுக்கு வெளியில, வேப்பமரத்தடியிலங்க."

"அப்பறமென்ன? ஏறுங்க எல்லாரும்!"

குழந்தைகளின் சீட்டுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள். அம்மா நடுவழியில் கண்டக்டர் மாதிரி நகர்ந்து நகர்ந்து பரிமாறினார். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து எட்டிப் பார்த்தார். "வண்டி பள்ளிக்கூடத்துதுதானே?" என்றார் கண்டிப்பாக. "ஆனா காம்பவுண்டுக்குள்ள இல்லீங்களே மேடம்" என்றார் கணக்கு சார். மேடம் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். வாட்ச்மேன் அண்ணன் கேட்டுக்கு வெளியே வந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அப்போது தமிழ் மிஸ் நிமிர்ந்தார். "அம்மா, ஒண்ணு சொல்றனுங்க. உப்புப் பத்தலை. நீங்க போனப்பறம் பேசறதுக்குப் பதிலா, மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடறேன். இன்னொரு கரண்டி வையுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது அம்மாவின் சிரிப்பு.

"எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லுவாரு. நான் காதுலயே வாங்கினதில்லை!"

காலி அண்டாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். "அந்தத் தமிழ் டீச்சருக்கு எவ்வளவு வாய்!" என்றார் அம்மா, பரம திருப்தியோடு. உடனே போனை எடுத்து மாமாவை அழைத்தார்.

"அவ வரமாட்டா. நீ வேற ஆளைப் பாத்துக்க... ஏன்னா? உப்பு கம்மின்னு சொல்லிட்டாங்கடா, அதான்."