‘மேல கேளுங்க’: மஸ்கெலியாவுக்கு ஒரு கொள்கையைக் கொண்டுபோன கதை

எனக்குக் கண்டியில் வேலை. முன்பள்ளி தொடங்கி மூன்றாம் தரம் வரைக்கும் மாகாணத்துக்கு ஒரே கல்விக் கொள்கை எழுதும் குழுவில் இருக்கிறேன். கடந்த ஒக்டோபரில் வரைவு ஏறக்குறைய முடிந்திருந்தது. அதில் நானே எழுதி நானே ரசித்துக்கொண்டிருந்த வரி ஒன்று உண்டு: ‘முன்பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி ஆகாது, விளையாட்டின் வழியே கற்பித்தல் வேண்டும்.’ கூட்டத்தில் ஒருவர், “தோட்டப்பக்கம் இதை யாருக்காவது வாசித்துக் காட்டினோமா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பயணம் அப்படித்தான் முடிவானது.

ஞாயிறு காலை கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ரயில். இரண்டரை மணி நேரம் என்பார்கள். எனக்கு மூன்றுக்கு மேல் ஆனது. முன்பதிவு செய்யாவிட்டால் நிற்கத்தான் வேண்டும். கதவோரமாவது கிடைக்கும் என்று நம்பாதீர்கள், அது படம் எடுக்கிறவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். ஹட்டனில் அறை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். சுடுநீர் உண்டு என்றார்கள். உண்டுதான், கேத்தலில்.

மறுநாள் ஆறரை மணி பஸ்ஸில் மஸ்கெலியா. இருபது கிலோமீட்டர் அளவுதான், ஆனாலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். நோர்வூட் தாண்டியதும் வளைவுகள் வயிற்றைப் பிசையத் தொடங்கும். ஆகவே காலைச் சாப்பாட்டை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கிடைத்தன. அங்கேதான் த்ரீவீல் ஓட்டும் சிவலிங்கம் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். தோட்டம் ஆறு கிலோமீட்டர் மேலே. போய்வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து மூவாயிரம்.

“மிஸ் எந்த ஒபிஸ்?” என்றார். சொன்னேன். அவ்வளவுதான், வழி முழுக்கத் தன் மகள் தர்ஷிகாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தோட்டத்து முன்பள்ளியில் படிக்கிறாள். ஜனவரியில் முதலாம் தரம். அதற்கு முன்னால் மிச்சமிருக்கும் மாதங்களுக்காவது அவளை டவுன் நேர்சரிக்கு மாற்றப் போகிறாராம்.

“ஏன் அண்ணே?”

“அங்க எழுத வைக்கிறாங்க மிஸ். இங்கிலீஷும் சேத்து.”

என் வரியை அப்போதே வாசித்துக் காட்டியிருக்கலாம். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

முன்பள்ளி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே ஒரே அறை. பிள்ளைகள் பதினொரு பேர். ஒருவன் சிரட்டையில் ‘கறி’ ஆக்கினான், இரண்டு பேர் தேயிலைக் கொழுந்து எடை போட்டார்கள், ஒருத்தி எனக்கு ஊசி போட்டாள். நான் உருகிப்போனேன். “இதைத்தான் நாங்கள் எழுதியிருக்கிறோம்!” என்று ஜெயந்தி டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊசி போட்ட பிள்ளை அவருடைய சேலையை இழுத்தாள்.

“டீச்சர், இந்த மிஸ் எப்ப போவாங்க? போன பொறவு எழுதலாமா?”

அவள்தான் தர்ஷிகா.

ஜெயந்தி டீச்சர் முகம் சிவந்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பென்சில்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தன. கண்டியிலிருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, காலையிலிருந்து விளையாட்டை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ். எழுத வைக்கலன்னா புள்ளைகள தூக்கிட்டுப் போயிடுறாங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் போனா இத மூடிருவாங்க. பொறவு விடியப் பெரட்டுக்குப் போயி கொழுந்தெடுக்குற தாய்மாருங்க இதுகள எங்க விடுவாங்க?” சொல்லிவிட்டு அவர் வாசலைப் பார்த்தார்.

வாசலில் சிவலிங்கம் அண்ணன். “என்னைய ஏன் டீச்சர் பாக்குறீங்க? மேல ஸ்கூல்ல மொத நாளே பேரெழுதச் சொல்றாங்க. எங்க மூத்தவன் முழிச்சிக்கிட்டு நின்னான். கடைசி வாங்குல உக்கார வச்சாங்க. இப்ப நாலாம் ஆண்டு. இன்னும் அதே கடைசி வாங்குதான்.”

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். என் கையில் இருந்த வரைவில் அந்தப் பையனுக்கு ஒரு வரியும் இல்லை.

“மேல கேளுங்க மிஸ்,” என்றார் ஜெயந்தி டீச்சர்.

மேலே என்பது நிஜமாகவே மேலே. மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இருபது நிமிட ஏற்றம். ஒக்டோபரில் போகிறவர்கள் அட்டை கடிக்காமல் காலில் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனது கொள்கை வரைவு மட்டும்தான். தூறலில் நனையாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.

“கடதாசிய விடுங்க மிஸ், காலப் பாருங்க!” என்று பின்னாலிருந்து சிவலிங்கம் அண்ணன் கத்தினார். மூன்று அட்டைகள். வரைவு பத்திரமாக இருந்தது.

முதலாம் தரத்து பஸ்லியா டீச்சர் மஸ்கெலியாக் கடைக்காரர் ஒருவரின் மகள். பேச்சும் கடைக்காரப் பேச்சு, சுற்றிவளைப்பு கிடையாது. “நான் ஆசப்பட்டா எழுதச் சொல்றேன்? ‘எழுதத் தெரியாத புள்ளைகள அனுப்பிட்டீங்க’ன்னு ரெண்டாம் ஆண்டு டீச்சர் எல்லார் முன்னாலயும் கேக்குறாங்க.”

இரண்டாம் ஆண்டு டீச்சர் அன்று விடுமுறை. ஆகவே முழுக் குற்றத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பாடசாலை அதிபர் வந்து கெடுத்தார்.

“அவங்களையும் குத்தம் சொல்லக் கூடாதுங்க. மூணாம் ஆண்டு அவங்கள கேக்கும், நாலு மூண கேக்கும், அஞ்சு நால கேக்கும். அஞ்சுல ஸ்கொலஷிப் பரீட்ச. ரிசல்ட் வந்தா மேல இருந்து எனக்குத்தான் போன் கோல் வருது.”

“மேலன்னா யாரு சார்?” என்றார் சிவலிங்கம் அண்ணன். அவர் எப்போது கதிரையில் உட்கார்ந்தார், எப்போது தேநீர் கையில் வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அதிபர் கையை நீட்டி என்னைக் காட்டினார். “இந்த மாதிரி கொள்க எழுதுறவங்கதான்.”

சிவலிங்கம் அண்ணன் மெல்லத் திரும்பினார். “அப்ப நீங்கதானா மிஸ்? இத வண்டியிலயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு தூரம் ஏறியிருக்க வேணாமே.”

தகரக் கூரையில் மழை கொட்டியது. யாரும் வெளியே போக முடியாது. அதனால்தான் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது என்று நினைக்கிறேன். முன்பள்ளியில் எழுத வைக்காதே என்று கீழே சொல்லிவிட்டு, முதலாம் தரத்தில் எழுதச் சொல்வதைப் பற்றி வாயே திறக்காதது எங்கள் பிழை என்று ஒப்புக்கொண்டேன். அதிபர் நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு, “மொத தவணைக்கு, அந்த மூணு மாசம், யாரும் எழுதச் சொல்ல வேணாம். ரெண்டாம் ஆண்டு டீச்சர்கிட்ட நான் பேசுறேன்,” என்றார்.

“அவங்க என்னையக் கேட்டா?” என்றார் பஸ்லியா டீச்சர்.

“என்கிட்ட அனுப்புங்க.”

“அப்பன்னா சரி. நான் வெள்ளிக்கிழமையில கீழ எறங்கி அந்தப் புள்ளைகள பாத்துட்டு வாறேன். மொகம் தெரிஞ்சா மொத நாள் அழாதுகள்.”

“கடைசி வாங்கு?” என்று கேட்டார் சிவலிங்கம் அண்ணன்.

பஸ்லியா டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். “வாங்குகள எடுத்துட்டு பாய் போடுறேன். பாய்க்கு ஏது கடைசி?”

சிவலிங்கம் அண்ணன் தேநீரைக் கீழே வைத்தார். “சரிங்க டீச்சர். புள்ளைய டவுன் நேர்சரிக்கு அனுப்பல.”

கண்டிக்குத் திரும்பி, முதலாம் தரத்தின் முதல் தவணையில் எழுத்துச் சோதனை கூடாது என்றும், இரண்டு இடத்து ஆசிரியர்களும் சந்தித்துக்கொள்ள வேண்டும் என்றும் வரைவில் சேர்க்கச் சொன்னேன். குழு இரண்டு கூட்டங்கள் சண்டை பிடித்தது. கடைசியில் சில தோட்டப் பாடசாலைகளில் மட்டும் செய்து பார்ப்போம் என்று இறங்கிவந்தது. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்படி ஒரு வேலையாகப் போகிறவர்களுக்கு: மழைக்கு முன்னால் ஏறிவிடுங்கள், பகல் ஒரு மணிக்குப் பிறகு நம்ப முடியாது. பெற்றோரைச் சந்திக்கக் கொழுந்து நிறுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸை மாலை ஐந்துக்கு முன்னால் பிடியுங்கள். முன்பள்ளிக்குச் சொல்லாமல் போங்கள்.

ஜனவரியில் பாடசாலை தொடங்கிய அன்று பின்னேரம் சிவலிங்கம் அண்ணன் அழைத்தார்.

“மிஸ், புள்ள வந்துட்டா. அழவே இல்ல. என்னாம்மா செஞ்சேன்னு கேட்டா, வெளையாண்டேன்கிறா. ஒரு எழுத்துகூட எழுதலையாம். அது சரிதானே மிஸ்?”

“சரிதான் அண்ணே.”

“இல்ல, சரிதான்னு இன்னொருக்கா சொல்லுங்க. வீட்டுல அவங்கம்மா கேக்கட்டும். ஸ்பீக்கர்ல போடுறேன்.”