அக்காவின் வாசிப்பும் மருமகனின் நாவலும்

சண்டிலிப்பாயில், புகையிலையும் வெங்காயமும் செய்த ஒரு கமக்காரரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தங்கை. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கு இவை தெரிந்தவைதான். பின்னால் வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். பத்திரிகையில் காலமெல்லாம் மற்றவர்களின் மரணச் செய்திகளைத் திருத்தியவன் என்பதால் இந்தக் கட்டுரை என்னிடம் வந்து சேர்ந்தது. களைப்போடுதான் எழுதுகிறேன்.

அக்கா உயர்தரம் வரை படித்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றார். திருமணம் செய்யவில்லை. போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது ஐயாவையும் அம்மாவையும் கூட்டிச் சென்றவரும், திரும்பக் கூட்டி வந்து இருவரையும் கடைசிவரை பார்த்தவரும் அவரே. நான் அப்போது கொழும்பில் இருந்தேன்; ஓய்வுபெற்ற பின்னரே ஊருக்கு வந்தேன். தங்கை கனடாவில் இருந்தார். பொறுமை, தியாகம் என்ற சொற்களை இந்த இடத்தில் போடுவது வழக்கம். அக்கா பொறுமைசாலி அல்லர். பஸ் பிந்தினால் நடத்துநரோடு சண்டை பிடிப்பார். அவரை இத்தனை வருடம் தாங்கியது வாசிப்பு.

பழைய நூல்களில் அவருக்கு அக்கறை குறைவு. இப்போது எழுதுபவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். சம்பளத்திலும் பிறகு ஓய்வூதியத்திலும் மாதம் ஒரு புதிய நாவலாவது யாழ்ப்பாணத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வாசிப்பார். எழுதியவரின் பெயரையும் முன்னுரையையும் கடைசியாகத்தான் பார்ப்பார். தன் அபிப்பிராயத்தை எங்கும் எழுதியதில்லை. கேட்டவர்களுக்குச் சொல்வார்.

இடப்பெயர்வு பற்றிய ஒரு நாவலை நான் மெச்சி அவரிடம் கொடுத்தேன். பாதியில் திருப்பித் தந்தார்.

"என்னக்கா, பிடிக்கேல்லையோ?"

"உவை நடந்துகொண்டு எவ்வளவு கதைக்கினம், தம்பி! நாங்கள் நடக்கேக்கை ஒருத்தரும் வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கேல்லை. தண்ணிப் போத்தலை ஆர் தூக்கிறதெண்டுதான் சண்டை."

இன்னொரு நாவலில், ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஒரு இளைஞன் அறைக்குள் படுத்திருப்பதைத் தவிர எதுவுமே நடப்பதில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அக்கா இரண்டு முறை வாசித்தார். "ஒண்டும் நடக்கேல்லைத்தான். ஆனா அவன்ரை அறைக்குள்ளை நானும் இருந்தன்" என்றார்.

போன வருடம் தங்கையின் மகன், எங்கள் மருமகன், கனடாவில் இருந்துகொண்டு ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு குடும்பத்தின் மூத்த பெண், தனக்குப் பேசிய கல்யாணத்தை விட்டுக்கொடுத்துத் தங்கையை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறார். ஐயாவால் ஒரு பிள்ளைக்குத்தான் சீதனம் கொடுக்க முடிந்தது என்பதும், அது தங்கைக்குப் போனது என்பதும் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்து ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். மருமகன் அதை அச்சில் போட்டுவிட்டார். தங்கை மகனோடு கதைப்பதை நிறுத்திவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, உவனுக்கு நீங்கள்தான் ரெண்டு வார்த்தை சொல்லோணும். நீங்கள் சொன்னால்தான் உறைக்கும்."

"நீ புத்தகத்தை வாசிச்சனியோ?"

"நான் ஏன் வாசிக்கிறன்? சனம் சொல்லுது."

"அப்ப சனத்தோடை கதை. வாசிக்காதவையோடை நான் புத்தகம் கதைக்கிறேல்லை."

அந்த நேரம் நீரிழிவால் அக்காவின் கண்பார்வை குறைந்துவிட்டிருந்தது. சிறுநீரகமும் பழுதடைந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம். "எனக்கு எழுத்துத் தெரியுதில்லை. நீ வாசி, நான் கேக்கிறன்" என்று தங்கைக்குச் சொல்லிவிட்டார். தங்கையால் மறுக்க முடியவில்லை. அவர் அங்கே காலையில் வேலைக்குப் போகுமுன் வாசித்தார். இங்கே பின்னேரம். தொலைபேசியை அக்காவின் தலையணையில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் தங்கையின் குரலில் கோபம் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

"கோட்டிலை குற்றப்பத்திரம் வாசிக்கிற மாதிரி வாசிக்காதை, பிள்ளை. கதை அது" என்றார் அக்கா.

மாப்பிள்ளை பெண் பார்க்க வரும் அத்தியாயம் வந்தது. மூத்த பெண் கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறாள். தங்கை வாசிப்பை நடுவில் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினாய்?"

"என்னாலை ஏலாதக்கா. என்னாலைதானே உங்களுக்கு…"

"அழுதால் எழுத்துத் தெரியாது. கண்ணைத் துடைச்சுப்போட்டு வாசி."

அத்தியாயம் முடிந்ததும் அக்கா சொன்னார்: "நல்லாய் எழுதியிருக்கிறான். ஆனா நான் அழேல்லை. எனக்கு அந்தாளைப் பிடிக்கேல்லை."

"என்னக்கா சொல்லுறியள்?"

"பல்லுக் குத்திக்கொண்டு, என்ன வாசிக்கிறனீர் எண்டு கேட்டார். சொன்னன். கலியாணத்துக்குப் பேந்து உதுகள் தேவைப்படாது எண்டார். அண்டைக்கே ஐயாட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். உன்ரை கலியாணப் பேச்சு அதுக்குப் பிறகுதான் வந்தது."

"இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் பாவம் பாவமெண்டு கொண்டு திரிஞ்சியள்."

ஒருவர் மட்டும் சொன்னதை உறுதிப்படுத்தாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று பழகியவன் நான். ஐயா இல்லை. மாப்பிள்ளையாக வந்தவரும் இல்லை. தங்கையின் மனப்பாரத்தை இறக்குவதற்காக அக்கா இதைச் சொன்னாரா, உண்மையிலேயே இதுதான் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்கா சொன்னார் என்பது மட்டும் உறுதி.

மருமகன் இதை என் மூலம் அறிந்து, அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தார். அக்கா மறுத்தார். "மாத்த வேண்டாமெண்டு சொல்லு. அது அவன்ரை கதையிலை வாற பொம்பிளை, அவள் அழலாம். நான்தான் அழேல்லை." பிறகு தங்கையிடம், "பெடியனோடை ஒருக்காக் கதை" என்றார். "புத்தகம் முடியட்டும்" என்றார் தங்கை.

புத்தகம் முடியவில்லை. நோய் கூடி, கேட்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், தங்கை வாசிக்கத் தொடங்கிய சில வரிகளிலேயே அக்கா உறங்கிவிடுவார். ஒரு விடியற்காலையில் அந்த உறக்கத்திலேயே அவர் போய்விட்டார். தாயும் மகனும் வேறு வேறு விமானங்களில் வந்தார்கள். சடங்கு முடியும்வரை முற்றத்தின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பின்னர், தங்கை அந்த நாவலை மகனிடம் நீட்டினார். மாதக்கணக்கில் கதைக்காமல் இருந்துவிட்டு மகனுக்குத் தங்கை சொன்ன முதல் வார்த்தைகள் இவை: "மிச்சம் கிடக்குது. எனக்கு வாசிக்க ஏலாது. நீயே வாசி."

அக்காவை நோயில் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நேரம் பாராமல் ஓட்டோ கொண்டுவந்த அயலவருக்கும், சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், தூரத்தில் இருந்து ஆறுதல் சொன்னவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அக்காவிடம் புத்தகம் இரவல் வாங்கியவர்கள் அவற்றைத் திருப்பித் தர வேண்டாம். வாசித்தால் போதும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் இந்த மலர் அச்சாக வேண்டும். அச்சகத்தார் இந்தக் கட்டுரைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்து மருமகன் வாசிக்கிறார். ஒரு பக்கம் முடிவதற்குள் தங்கையின் குரல் கேட்கிறது.

"பொறு மோனை. உப்பிடி நடக்கேல்லை."

"அப்ப எப்பிடியம்மா நடந்தது?"

தங்கை சொல்லத் தொடங்குகிறார்.